வந்த வழி தெரியாத பாப்பிரஸ் ஏட்டை வாங்குவது முறையாகுமா?

தேம்ஸ்கரை ஆசிரியர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் லண்டனில் வாழும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். பழைய நிலப்படங்களையும் பயண நூல்களையும் சேர்த்து வருகிறேன். எகிப்தியப் பொருள் எதையும் இதுவரை வாங்கியதில்லை. பழம்பொருள் வணிகர் ஒருவர் தம் இணையப் பட்டியலில் உள்ளங்கை அளவுள்ள பாப்பிரஸ் (பண்டை எகிப்தியர் நாணலால் செய்த தாள்) துண்டு ஒன்றை விற்பனைக்கு வைத்திருக்கிறார். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து ஓரம் ஒட்டப்பட்ட அத்துண்டில் சில வரிகள் கிரேக்க எழுத்து தெரிகிறது. உரோமர் ஆட்சிக்கால எகிப்தின் தானியக் கணக்கு என்று குறிப்பு சொல்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதற்கு 'ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு, 1960களில் பெறப்பட்டது' என்ற ஒரு வரியைத் தவிர வேறு விளக்கம் இல்லை. விலை என்னால் கொடுக்கக்கூடியதுதான்.

என்னை இந்தத் துறையின் பக்கம் இழுத்தது வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் உள்ள முசிறி பாப்பிரஸ். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த ஏட்டின் ஒரு பக்கத்தில், முசிறிக்குச் சென்று திரும்பும் கடல் வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் இருக்கிறது. மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்னும் கப்பல் கொண்டுவந்த சடாமாஞ்சில், யானைத் தந்தம் முதலிய சரக்குகளின் மதிப்பு கணக்கிடப்பட்டிருக்கிறது. யவனர் கலங்கள் முசிறிக்குப் பொன்னொடு வந்து மிளகொடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. அதே வணிகத்துக்கு எதிர்க்கரையில் எழுதிவைத்த கணக்கு இன்றும் இருக்கிறது என்று அறிந்தபோது, அப்படிப்பட்ட ஏடு ஒன்றைக் கையருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்ற விருப்பம் எனக்குள் வளர்ந்துவிட்டது. அந்த முசிறி ஏட்டையும் நூலகம் 1980இல் விலைகொடுத்துத்தான் வாங்கியது என்று படித்தேன்.

என் ஐயங்கள் இவை. 1960கள் என்ற குறிப்பு சட்டத்துக்குப் போதுமானதா? சட்டம் ஒருபுறம் இருக்க, இப்படி வாங்குவது அறமாகுமா? நான் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்கத்தான் போகிறார். என்னிடம் இருந்தால் பாதுகாப்பாக இருக்கும், ஆய்வாளர் எவர் கேட்டாலும் காட்டுவேன் என்று நான் எனக்கே சொல்லிக்கொள்ளும் நியாயம் நிற்குமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சுவடிக்காப்பாளர்

வணக்கம் ஐயா. நான் ஒரு நூலகத்தின் சுவடிப் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். முதலில் நேரடியான விடை: நீங்கள் தந்துள்ள விவரங்களை மட்டும் வைத்துப் பார்த்தால், இதை வாங்க வேண்டாம். காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுப்பதற்கான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970 நவம்பரில் ஏற்கப்பட்டது. அருங்காட்சியகங்கள் பல அந்த ஆண்டை எல்லையாக வைத்துக்கொண்டதால், அதற்கு முன்பே எகிப்தைவிட்டு வெளியேறிய பொருள் என்றால் கேள்வியே எழாது என்ற எண்ணம் சந்தையில் பரவிவிட்டது. எகிப்தின் சட்டம் 1970இல் தொடங்கவில்லை. தொல்பொருள்கள் நாட்டைவிட்டுப் போவதைத் தடுக்க முகமது அலி பாஷா 1835இலேயே ஆணை பிறப்பித்தார். 1912ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம் தொல்பொருள்களைப் பொதுச்சொத்தாக அறிவித்து, விற்பவருக்கு உரிமமும் வெளியே கொண்டுசெல்பவருக்கு அனுமதியும் வேண்டும் என்றது. 1951ஆம் ஆண்டின் 215ஆம் எண் சட்டத்திலும் ஏற்றுமதிக்கு அனுமதி தேவைப்பட்டது. 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டம் இந்த வணிகத்தையே முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆகவே 1960களில் ஓர் ஏடு முறைப்படி வெளியேறியது என்றால், உரிமம் பெற்ற கெய்ரோ வணிகரின் ரசீதோ ஏற்றுமதி அனுமதியோ அன்று இருந்திருக்க வேண்டும். அத்தகைய காகிதங்கள் தலைமுறை மாறும்போது தொலைவது உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தொலைந்துபோன காகிதத்தையும் என்றுமே இல்லாதிருந்த காகிதத்தையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாது. தவறான வழியில் ஏட்டைப் பெற்றவர் நம்பியிருப்பதும் அதைத்தான்.

'தனியார் சேகரிப்பு' என்ற குறிப்புக்குப் பின்னால் எது ஒளிந்திருக்கக்கூடும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. எகிப்தின் பண்டைய ஆக்ஸிரிங்கஸ் நகரத்தின் குப்பை மேடுகளில் பெர்னார்டு கிரென்ஃபெல், ஆர்தர் ஹன்ட் இருவரும் 1896இல் தொடங்கி 1907 வரை, இடையிடையே நிறுத்தி, அகழாய்வு செய்தார்கள். அங்கே கிடைத்த ஏறத்தாழ ஐந்து லட்சம் துண்டுகள் எகிப்து ஆய்வுச் சங்கத்தின் உடைமையாக ஆக்ஸ்ஃபோர்டில் உள்ளன. நூறாண்டுக்கும் மேலாக ஒவ்வொரு தொகுதியாகப் பதிப்பித்தும் மிகச் சிறு பகுதியே அச்சேறியிருக்கிறது. 2012இல், முதல் நூற்றாண்டைச் சேர்ந்த மாற்கு நற்செய்தித் துண்டு ஒன்று கிடைத்துவிட்டதாக அமெரிக்காவில் ஒரு பொது விவாத மேடையில் அறிவித்தார்கள். அந்தத் துண்டு 2018இல் ஆக்ஸிரிங்கஸ் வரிசையில் 5345 என்ற எண்ணோடு வெளிவந்தபோது, அதன் காலம் 2ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 3ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று தெரிந்தது; அது சங்கத்தின் சொந்த ஏடு என்பதும் தெரிந்தது. அதை உள்ளிட்ட நான்கு நற்செய்தித் துண்டுகளை ஹாபி லாபி என்ற அமெரிக்க வணிக நிறுவனத்துக்கு விற்பதற்கான 2013 ஜனவரி ஒப்பந்தம் 2019இல் வெளியானது. விற்பவராக அதில் குறிக்கப்பட்டிருந்தவர், ஆக்ஸிரிங்கஸ் வரிசையின் பொதுப்பதிப்பாசிரியர்களில் ஒருவராக இருந்த டர்க் ஆபிங்க். அதே ஆண்டு அக்டோபரில், தன் சேகரிப்பிலிருந்து எடுக்கப்பட்ட 13 ஏடுகள் ஹாபி லாபி உரிமையாளர் குடும்பம் வாஷிங்டனில் நிறுவிய விவிலிய அருங்காட்சியகத்திடம் இருப்பதைச் சங்கம் உறுதிசெய்தது. மொத்தத்தில் 120 அளவிலான துண்டுகள் காணாமற்போயிருப்பதாகவும் கணக்கிட்டது. அந்த 13 ஏடுகளுள் பெரும்பாலானவற்றின் பட்டியல் அட்டைகளும் புகைப்படங்களும்கூடக் காணவில்லை. வேறிடத்தில் படி இருந்ததால்தான் இழப்பு வெளிப்பட்டது. ஹாபி லாபி 2021இல் அவர்மீது வழக்குத் தொடுத்து, 2010 முதல் 2013 வரை தான் 70 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்ததாகக் கூறியது. அவர் தம்மீதான குற்றச்சாட்டுகளை மறுத்தார். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றங்கள் சொல்லட்டும். நமக்கு வேண்டிய செய்தி, பதிவு எண்ணும் அகழ்ந்த இடமும் தெரிந்திருந்த ஏடுகளே வேறு வரலாறு ஒட்டப்பட்டு விலைபோயின என்பது.

அப்படி ஒட்டப்படும் வரலாறுகளில் ஒன்றைச் சொல்கிறேன். 2011 நவம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் நிறுவனம் ராபின்சன் என்ற பேராசிரியரின் பழைய சேகரிப்பிலிருந்து பாப்பிரஸ் துண்டுகள் அடங்கிய கட்டு ஒன்றை ஏலம் விட்டது. 2014இல் உலகமே கொண்டாடிய, பண்டைக் கிரேக்கப் பெண்கவி சாஃபோவின் புதிய கவிதை ஏடு அந்தக் கட்டிலிருந்து வந்தது என்றார்கள். முதலில் அது மம்மி அட்டையிலிருந்து (பழைய ஏடுகளை ஒட்டிச் செய்த மம்மி உறை) பிரித்தெடுக்கப்பட்டது என்று சொன்னார்கள். பிறகு அது மம்மி அட்டையன்று, வேறு வகை அட்டை என்று கதை மாறியது. இன்னொரு பக்கம், 2012இல் ஈபேயில் விற்பனைக்கு வந்த புதிய ஏற்பாட்டின் கலாத்தியர் திருமுகத்தின் காப்டிக் (பிற்கால எகிப்திய) மொழித் துண்டு ஒன்று 2014இல் வத்திக்கானில் நடந்த கண்காட்சியில் காணப்பட்டது. பாப்பிரஸ் ஆய்வாளர் ரொபெர்த்தா மாட்ஸா அதை அடையாளம் கண்டு கேட்டபோது, அதுவும் அதே 2011 கட்டிலிருந்து வந்ததாகவே உரிமையாளர் தரப்பு விற்றவரை மேற்கோள் காட்டியது. உள்ளே என்னென்ன இருந்தன என்று விரிவான பட்டியல் இல்லாத பழைய கட்டு ஒன்று கிடைத்துவிட்டால், அதன் பெயரில் எதையும் நுழைத்துவிடலாம். சாஃபோ ஏட்டின் வரலாற்றை விளக்கிய கட்டுரையைப் பிரில் பதிப்பகம் 2021இல் திரும்பப்பெற்றது. விவிலிய அருங்காட்சியகம் அதே ஆண்டு ஏறத்தாழ 5,000 பாப்பிரஸ் துண்டுகளை எகிப்துக்குத் திருப்பி அனுப்பியது.

தமிழர்களுக்கு இது புதிய கதையுமன்று. ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கியபோதும் பழைய உரிமையாளர் பெயரில் காகிதங்கள் காட்டப்பட்டன. அவை பொய் என்று தெரிந்து, 2014இல்தான் திருமேனி திரும்பி வந்தது.

நீங்கள் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்குவார் என்ற நியாயத்தைப் பற்றி ஒன்றே சொல்வேன். எகிப்தில் 2011 கிளர்ச்சிக்குப் பிறகு காவல் தளர்ந்தபோது, பாப்பிரஸ் ஏடுகளுக்குப் பெயர்பெற்ற எல்-ஹிபே போன்ற இடங்களில் கல்லறைகள் குழிகுழியாகத் தோண்டப்பட்டன. தோண்டியவர்களுக்கு உங்களைத் தெரியாது. ஆனால் உள்ளங்கை அளவுத் துண்டுக்கும் விலை கொடுக்க எங்கோ ஒருவர் இருக்கிறார் என்பது தெரியும்.

பழஞ்சுவடி ஆர்வலர்

சுவடிக்காப்பாளர் சொன்ன நிகழ்வுகள் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் காட்டிய முதன்மைச் சான்றையே எண்ணிப் பாருங்கள். ஏடுகள் காணாமற்போனது தனிச் சேகரிப்பாளரின் வீட்டிலிருந்து அன்று; புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் உள்ளே, பொதுநலச் சங்கமொன்றின் பொறுப்பில் இருந்த பெட்டிகளிலிருந்து. நிறுவனம் என்றாலே பாதுகாப்பு, தனிமனிதர் என்றாலே ஐயம் என்று பிரிப்பது சரியன்று. அதே சங்கம் அகழாய்வுக்கு நன்கொடை தந்த கல்வி நிறுவனங்களுக்குப் பதிப்பித்த ஏடுகளைப் பகிர்ந்தளித்தது. அப்படிப் பெற்ற ஓர் அமெரிக்க இறையியல் கல்லூரியிலிருந்த யோவான் நற்செய்தித் துண்டு 2003இல் ஏலத்தில் தனியாருக்கு விற்கப்பட்டது. அது முழுக்க முழுக்கச் சட்டப்படி நடந்தது. பொதுவில் வைப்பதற்காகத் தரப்பட்டதை விற்ற அந்தச் செயலை நான் இந்த ஆசிரியரின் விருப்பத்தைவிடக் குறையுடையதாகக் கருதுகிறேன்.

பாப்பிரஸ் இயல் என்ற துறையே சந்தையில் வளர்ந்தது என்பதையும் மறக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்திய உழவர்கள் பழைய ஊர்மேடுகளின் மண்ணை உரத்துக்காக வண்டி வண்டியாக வெட்டிச் சென்றார்கள். அந்த மண்ணோடு வந்த ஏடுகளில் விலைபோகும் என்று அறியப்பட்டவை தப்பின. மற்றவை வயலுக்கே போயின. மான்செஸ்டரில் உள்ள புகழ்பெற்ற யோவான் துண்டைக் கிரென்ஃபெல் 1920இல் எகிப்தில் விலைக்கு வாங்கினார், சி. எச். ராபர்ட்ஸ் அதை இனங்கண்டு பதிப்பித்தது 1935இல். விவிலியத்தின் பழம்படிகள் அடங்கிய செஸ்டர் பீட்டி ஏடுகள், போத்மர் ஏடுகள் எல்லாமே வணிகர் கைவழி வந்தவை. புதிய ஏற்பாட்டின் பழைய கிரேக்கப் பாடத்தைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இவற்றால்தான் தெரியும்.

வாங்க மறுப்பதாலும் ஏடு அழியும். விவிலியத்தில் சேராத யூதாசின் நற்செய்தி அடங்கிய காப்டிக் ஏட்டுத் தொகுதி 1970களில் எகிப்தின் மின்யா பகுதியில் கிடைத்தது என்கிறார்கள். 1983இல் ஜெனீவா விடுதி ஒன்றில் அறிஞர்களிடம் அதைக் காட்டி 30 லட்சம் டாலர் கேட்டார்கள். அவர்களால் கொடுக்க முடியவில்லை. பிறகு நியூயார்க் மாநிலத்தில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் பதினாறு ஆண்டுகள் கிடந்து அது நொறுங்கியது. பின்னர் அதைக் கையிலெடுத்த வணிகர் ஒருவர் உறைகுளிரில் வைத்துக் கேட்டை இன்னும் பெருக்கினார். 2006இல் அது வெளியானபோது ஏறத்தாழ ஆயிரம் துணுக்குகளை ஒட்ட வேண்டியிருந்தது. முதலிலேயே ஒரு நல்ல கை வாங்கியிருந்தால் இத்தனை இழப்பு நேர்ந்திருக்காது.

ஆகவே ஆசிரியர் ஐயாவுக்கு என் கருத்து: காகிதங்களைக் கேளுங்கள். ஓரளவுக்கேனும் நம்பத்தக்க சான்று இருந்தால் வாங்குங்கள். படமெடுத்து ஆய்வாளர்களுக்குக் கொடுங்கள். உங்களுக்குப் பிறகு அது ஒரு பொது நூலகத்துக்குச் செல்லுமாறு எழுதிவையுங்கள்.

அகழாய்வு மாணவி

இருவர் எழுதியதும் பயனுள்ளவை. ஆனால் பேச்சு முழுவதும் ஏடு யாருக்குச் சொந்தம், எங்கே பத்திரமாக இருக்கும் என்பதைச் சுற்றியே போகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அது மண்ணில் எந்த இடத்தில் எதனோடு கிடந்தது என்ற செய்தி. ஏடு தப்பிப் பிழைத்தாலும் அந்தச் செய்தி பிழைப்பதில்லை. எவ்வளவு பொருள் செலவிட்டாலும் பின்னால் அதை வாங்க முடியாது.

ஆசிரியர் ஐயா விரும்பும் முசிறி ஏட்டையே எடுத்துக்கொள்வோம். அது 1980இல் வாங்கப்பட்டு 1985இல் பதிப்பிக்கப்பட்டது. எங்கே கிடைத்தது என்பது தெரியாது. அது பேசுவதோ செங்கடல் துறைமுகத்திலிருந்து பாலைவனம் கடந்து, நைல் வழியே அலெக்சாந்திரியாவின் சுங்கக் கிடங்குவரை சரக்கைக் கொண்டுசேர்ப்பதைப் பற்றி. அலெக்சாந்திரியாவின் ஈரமண்ணில் பாப்பிரஸ் நிலைப்பதில்லை. எனவே அது வேறெங்கோ வறண்ட மண்ணில்தான் கிடந்திருக்க வேண்டும். ஒரு வணிகரின் வீட்டிலா, ஓர் அலுவலகத்தின் பழைய ஆவணக் குவியலிலா, யாரோ பழைய காகிதமாக எடுத்துச் சென்று எறிந்த குப்பையிலா? அது நடந்த ஒப்பந்தத்தின் படியா, ஒப்பந்தம் எழுதுவதற்கான மாதிரிப் படிவமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். கூடவே கிடந்த பிற ஏடுகள் எவை என்று தெரிந்திருந்தால், அந்த வாதத்துக்கு ஒரு பிடிமானம் கிடைத்திருக்கும். கடன் வாங்கியவர் பெயரும் கொடுத்தவர் பெயரும் இருந்த பகுதி அழிந்துவிட்டது. பக்கத்தில் கிடந்த ஒரு சாதாரண ரசீதில் அவை இருந்திருக்கக்கூடும். அந்த ரசீதுக்கு விலை கிடைக்காது என்று தோண்டியவர் அதை அங்கேயே விட்டிருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையில் மனம் வலிக்கிறது.

இதற்கு எதிரில், செங்கடற்கரையின் குசைர் அல்-காதிமில் கிடைத்த தமிழ் பிராமி எழுத்துள்ள பானையோடுகளை வையுங்கள். பழைய மயோஸ் ஹோர்மோஸ் துறைமுகம் அதுவே. 'கண்ணன்', 'சாத்தன்' என்ற பெயர்களும், கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டிய 'பானை ஒறி' (உறியில் வைக்கும் பானை) என்ற சொற்களும் அங்கே கிடைத்தன. அவற்றுள் ஒன்றுக்கும் சந்தையில் பெரிய விலை இருக்காது. ஆனால் எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், வேறு எந்தக் கலங்களோடு கிடைத்தன என்பது பதிவாகியிருக்கிறது. அதனால்தான் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் அந்தத் துறைமுகத்தில் இருந்தார்கள் என்று உறுதியோடு சொல்ல முடிகிறது. அதே ஓடு ஒரு கடையில் விற்பனைக்கு வந்திருந்தால், அதைக் குசைரோடு இணைக்க வழியே இருந்திருக்காது. போலி என்று ஒதுக்கினாலும் மறுக்க முடிந்திருக்காது.

பாப்பிரஸ் ஏடுகளிலும் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1924 முதல் 1935 வரை எகிப்தின் கரானிஸ் ஊரில் அகழாய்வு செய்தபோது, திபெரியானுஸ் என்பவரைத் தந்தை என்று விளித்து ஒருவர் எழுதிய கடிதங்கள் ஒரு வீட்டின் மாடிப்படிக்குக் கீழே கிடைத்தன. எந்த வீடு, அந்த வீட்டில் வேறென்ன பொருள்கள் இருந்தன என்று தெரிவதால், ஒரு குடும்பத்தையே ஆராய முடிகிறது. மாறாக, உரமண் வெட்டியவர்கள் 1914, 1915 வாக்கில் எகிப்தின் பழைய ஃபிலடெல்ஃபியா ஊரில் கண்டெடுத்த, ஸெனோன் என்ற பண்ணை மேலாளரின் ஆவணங்களைப் பாருங்கள். ஈராயிரத்தை நெருங்கும் அந்த ஏடுகள் ஒரே மனிதர் ஒழுங்காகச் சேர்த்துவைத்தவை. அவை கெய்ரோ, ஃபுளோரன்ஸ், லண்டன், மிச்சிகன், நியூயார்க் என்று சிதறின. ஒரே கடிதத்தின் துண்டுகளை வெவ்வேறு நகரங்களில் தேடிப் பொருத்த வேண்டிய நிலை வந்தது. எந்த அறையில், எந்த வரிசையில் அவற்றை வைத்திருந்தார் என்பது முற்றாகப் போய்விட்டது.

பழஞ்சுவடி ஆர்வலர் ஐயா யூதாசின் நற்செய்தியைப் பற்றிச் சொன்னதில் நான் வேறுபடுகிறேன். அது பதினாறு ஆண்டுகள் பெட்டகத்தில் கிடந்ததற்குக் காரணம் வாங்குவோர் இல்லாததன்று. பெரும் பணம் ஒருநாள் வரும் என்ற எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பை ஊட்டியது சந்தைதான். நூறாண்டுக்கு முன் கிரென்ஃபெல் வாங்கியதையும் இன்று நாம் வாங்குவதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அன்று உரிமம் பெற்ற கடைகள் இருந்தன, அகழ்ந்ததைப் பகிர்ந்துகொள்ளும் முறை இருந்தது, உரமண் வெட்டு நடந்துகொண்டிருந்தது. இன்று அவற்றுள் எதுவும் இல்லை.

தேம்ஸ்கரை ஆசிரியர்

மூவருக்கும் மிக்க நன்றி. உங்கள் மறுமொழிகளைப் படித்த பிறகு, ஏற்றுமதி அனுமதியோ பழைய ரசீதோ உண்டா என்று வணிகருக்கு எழுதிக் கேட்டேன். முன்னைய உரிமையாளர் தம் பெயரை வெளியிட விரும்பவில்லை என்றும், ஆனால் ஏடு உண்மையானது என்பதற்குத் தாமே சான்றிதழ் தருவதாகவும், வேண்டுமானால் கரிமக் காலக்கணிப்புச் செய்துகொள்ளலாம் என்றும் விடை வந்தது. ஒரு பேராசிரியர் அதைப் பதிப்பிக்க ஆர்வம் காட்டியிருப்பதாகவும் சேர்த்து எழுதியிருந்தார். இவற்றுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்? பதிப்பிக்கப்பட்டால் அறிவு எல்லோருக்கும் கிடைக்குமே என்று என் மனத்தில் ஒரு பகுதி இன்னும் வாதிடுகிறது.

சுவடிக்காப்பாளர்

ஐயா, நீங்கள் கேட்டது அது வந்த வழியை. அவர் தர முன்வந்தது அது உண்மையானது என்பதற்கான உறுதியை. அவை இரண்டும் வேறு வேறு. நேற்று இரவு தோண்டித் திருடிய ஏடும் உண்மையான ஏடுதான்.

உண்மைத்தன்மைக்குக்கூடக் கரிமக் காலக்கணிப்பு முழு விடையாகாது. எழுதப்படாத பழைய பாப்பிரஸ் துண்டுகள் கிடைக்கின்றன. அவற்றின்மேல் இன்று எழுதினாலும் கணிப்பு தாளின் வயதைத்தான் சொல்லும். 2012இல் ஹார்வர்டு பேராசிரியர் கேரன் கிங் ரோமில் அறிமுகப்படுத்திய, இயேசு தம் மனைவியைப் பற்றிப் பேசுவதாக எழுதப்பட்ட 'இயேசுவின் மனைவி' துண்டின் தாள் உண்மையிலேயே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. ஆனால் அதிலிருந்த காப்டிக் வரிகள் தோமாவின் நற்செய்தியிலிருந்து பொறுக்கிக் கோக்கப்பட்டவை. இணையத்திலிருந்த ஒரு பதிப்பின் அச்சுப்பிழைகூட அப்படியே அதில் ஏறியிருந்தது. 2016இல் ஒரு பத்திரிகையாளர் அந்தத் துண்டின் உரிமையாளரையும் அவர் காட்டிய காகிதங்களையும் தேடிச் சென்றபோதுதான் கதை முடிந்தது. அது போலியாகவே இருக்க வேண்டும் என்று கேரன் கிங்கும் ஏற்றுக்கொண்டார். ஆய்வகம் தீர்க்காததை, வந்த வழியைத் துருவியது தீர்த்தது. தூரின் நகரத்து அறக்கட்டளை ஒன்று 2004இல் 27.5 லட்சம் யூரோவுக்கு வாங்கிய, பண்டைக் கிரேக்கப் புவியியலாளர் ஆர்தெமிதோருஸின் நூல் என்று சொல்லப்பட்ட ஏட்டையும் 2018இல் அரசு வழக்கறிஞர் போலி என்று முடிவு செய்தார். அறிஞர்களில் ஒரு சாரார் அதை ஏற்கவில்லை. அகழ்ந்த இடம் தெரிந்த ஏடாக இருந்திருந்தால் அந்த வாதமே எழுந்திருக்காது.

பதிப்பைப் பற்றி: அறிஞர் ஒருவர் படித்து, பெயரிட்டு, எண் கொடுத்த ஏட்டின் விலை உயர்ந்துவிடுகிறது. வணிகர் அந்தப் பேராசிரியரைக் குறிப்பிட்டதும் அதற்காகத்தான். அமெரிக்கப் பாப்பிரஸ் இயலாளர் சங்கம் கள்ளச் சந்தையைப் பற்றி 2007இல் தீர்மானம் நிறைவேற்றியதற்கும் இதுவே பின்னணி. வந்த வழி தெரியாத ஏட்டை எந்நிலையிலும் பதிப்பிக்கலாகாது என்று சொல்வோரும், எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பதிப்பிக்கலாம் என்போரும் எங்கள் துறையில் இருக்கிறார்கள். நான் முதலில் சொன்னவர்களின் பக்கம் நிற்கிறேன். ஒரு தானியக் கணக்கு நமக்குத் தெரியாமல் போவது இழப்புத்தான். ஆனால் அதற்காக இன்னொரு கல்லறையைத் தோண்டத் தூண்டும் விலையை நான் கொடுக்க மாட்டேன்.

பழஞ்சுவடி ஆர்வலர் நிறுவனங்களைப் பற்றிச் சொன்னது நியாயமானது. பூட்டும் பட்டியலும் இருந்தால் போதும் என்று நூலகங்கள் எண்ணியிருந்த காலம் போய்விட்டது. யார் எந்தப் பெட்டியைத் திறந்தார்கள் என்ற பதிவும், எல்லா ஏடுகளின் படமும் வேண்டும். யோவான் துண்டை விற்றதைப் பற்றியும் எனக்கு அவரோடு ஒத்த கருத்தே. ஆனால் 'ஓரளவுக்கேனும் நம்பத்தக்க சான்று' என்று அவர் எழுதியதை மட்டும் நான் ஏற்க இயலாது. அந்த ஓரளவு எது என்பதை முடிவு செய்யும் இடத்தில் விற்பவர் அல்லவா அமர்ந்திருக்கிறார்?

இப்போது நீங்கள் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். அந்த விற்பனைப் பக்கத்தையும் படங்களையும் தேதியோடு சேமித்துவையுங்கள். கேள்வி எழும்போது இத்தகைய பக்கங்கள் சட்டென்று மறைந்துவிடும். படத்தில் தெளிவாகத் தெரியும் கிரேக்கச் சொற்களைப் படிக்கத் தெரிந்த எவரேனும் எழுதித் தந்தால், பதிப்பிக்கப்பட்ட ஏடுகள் சேர்க்கப்பட்டுள்ள பாப்பிரை.இன்ஃபோ தளத்தில் தேடிப்பார்க்கலாம். ஏற்கெனவே ஒரு நூலகத்தின் உடைமையாக அது பதிவாகியிருந்தால் உடனே அந்த நூலகத்துக்கு எழுத வேண்டும். கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் பழைய எண்ணோ ஒட்டுச்சீட்டோ தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேறு நூலகத்தைவிட்டு வந்த துண்டுகள் பலமுறை அவற்றால்தான் இனங்காணப்படுகின்றன. ஒன்றும் கிடைக்காவிட்டாலும், மீட்புப் பணிக்கென்று தனிப்பிரிவு வைத்திருக்கும் எகிப்தியத் தொல்பொருள் துறைக்குத் தூதரகம் வழியாக விவரம் அனுப்பலாம்.

கையருகே வைத்துப் பார்க்கும் ஆசைக்கும் வழி இருக்கிறது. வியன்னாவில் ஹோஃப்பர்க் அரண்மனை வளாகத்தில் பாப்பிரஸ் அருங்காட்சியகம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. ஏறத்தாழ 1,80,000 பொருள்கள் உள்ள அந்தச் சேகரிப்பில் கணக்குகளும் கடிதங்களும் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சிகளும் உண்டு. போகும் முன் நூலகத்துக்கு எழுதி, முசிறி ஏடு காட்சியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேம்ஸ்கரை ஆசிரியர்

வணிகருக்கு மறுப்பு எழுதிவிட்டேன். பக்கத்தையும் படங்களையும் சேமித்திருக்கிறேன். கண்ணாடியின் இடப்புறக் கீழ்மூலையில் பென்சிலால் எழுதிய எண் ஒன்று மங்கலாகத் தெரிகிறது. கிரேக்க எழுத்தைப் படித்துச் சொல்லக்கூடியவர் யாரேனும் இங்கே இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், படத்தைத் தருகிறேன்.